செத்த காலேஜ் பார்த்தவள்

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கண்ணீர் இல்லை, கோபம். அவள் மேல் இல்லை. அவளைச் சுற்றி நின்றவர்கள் மேல். அந்தக் கங்காணி மேல், அவனுக்குக் கீழே ஆளை மேய்த்து, அவன் பின்னால் தலையாட்டிக்கொண்டு நின்ற தண்டல் மேல், மேசையை விட்டு நிமிர்ந்து பார்க்காத, கணக்கெழுதும் கிராணி மேல். எல்லோரும் செத்து மண்ணாகிவிட்டார்கள். என் கோபம் மட்டும் சாகாமல் கிடக்கிறது. கோயிலில் சாமியார் மன்னித்துவிடு என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மன்னித்துவிட்டுத்தான் வருகிறேன். திங்கட்கிழமை காலையில் மறுபடி வந்துவிடுகிறது.

அவள் பேரைச் சொல்லப் போவதில்லை. பேரைச் சொன்னால் எந்த ஊர், என்ன சாதி, யார் வீட்டுப் பெண் என்று நோண்டுவார்கள். கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பேர் இருந்தது. செத்த காலேஜ். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பி நின்று, "என்னா?" என்பாள். கூப்பிட்டவர்கள்தான் நடையைக் கட்டுவார்கள்.

ஈப்போவுக்கு வடக்கே, ரயில் பாதையிலிருந்து ரெண்டு கட்டை உள்ளே போனால் எங்கள் தோட்டம். கட்டை என்றால் மைல். வெள்ளைக்காரன் ரப்பருக்கு ராஜா மாதிரி இருந்த இருபதுகள் அது. நான் கல்யாணமாகிப் புதிதாக அங்கே வந்தவள். என் வீட்டுக்காரர் ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகையில் வேலை. நாங்கள் வேதக்காரர்கள். லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை அவளுக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் புருஷன் காடு வெட்டிய காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி, உயரம், வேகமான நடை. யாராவது பேசினால் தலையைக் கொஞ்சம் சாய்த்து அவர்கள் முகத்தை உற்றுப் பார்ப்பாள். தூரத்தில் வருகிற ஆளை யார் என்று பார்ப்பது போல இருக்கும். பொய் சொல்கிறவர்களுக்கு அந்தப் பார்வை ஆகாது. எங்கள் லயத்தில் அது யாருக்குமே ஆகவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கேள்வி உண்டு. "நீ பாத்தியா?"

தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி ஆரம்பிப்பாள். "மூணாவது லயத்துக்காரி, நேத்து தண்டல்கூட சிரிச்சிச் சிரிச்சிப் பேசிக்கிட்டு இருந்தாளாமே..."

"நீ பாத்தியா?"

"சொன்னாங்கக்கா."

"சொன்னவ பாத்தாளா?"

"அது எனக்கென்னா தெரியும்?"

"அப்ப வாய மூடிக்கிட்டுத் தண்ணியப் புடி. பின்னால ஆளு நிக்குது."

இப்படிப் பேசினால் யாருக்குப் பிடிக்கும்? லயத்தில் பேச்சுதான் எங்களுக்கு விருந்து, திருவிழா எல்லாம். அதிலே மண் அள்ளிப் போடுவாள். ஆற்றோரத்து மரத்தில் பேய் இருக்கிறது என்று பிள்ளைகள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்கள். இவள் ஒரு நாள் மத்தியானம் முழுக்க அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "எறும்புதான் இருக்கு. நல்லா கடிக்கிது," என்று காலைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள். என்னையும் விடவில்லை. நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, உங்க ஏசுவ நீ பாத்தியா?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் அவளே முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "கோச்சிக்காத. எங்க மாரியாத்தாவயும் நான் பாத்ததில்ல," என்றாள். சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகம்.

ஆனால் அவள் கேலிக்காக அப்படிக் கேட்பதில்லை. அதற்கு அடியில் ஒரு எரிச்சல் கனன்றுகொண்டே இருந்தது. அது எங்கே பற்றியது என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"மெட்ராஸ்ல எங்கள எறக்கி, வரிசையா நிக்க வச்சி, தலயக் குனிஞ்சி நடங்கன்னான் கங்காணி. அவ்ளோ பெரிய ஊரு, தங்கச்சி. சத்தம் கேக்குது, வாசன வருது. என் முன்னால போறவ குதிகால மட்டும் பாத்துக்கிட்டு நடந்தேன். கப்பல்ல அடித்தட்டுல போட்டான். கடலயும் பாக்கல. பினாங்குல எறக்கி அடச்சி வச்சான், அப்புறம் ரயில்ல ஏத்தினான், இங்க கொண்டாந்து விட்டான். ஒரு சீமையத் தாண்டி இன்னொரு சீமைக்கு வந்திருக்கேன். என்னத்தப் பாத்தேன்? இந்த மரத்த. விடிஞ்சா மரம். கண்ணு மூடுனா மரம். எனக்குக் கண்ணு எதுக்கு வச்சான்?"

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்துக்கு லீவு. ஆம்பளைகள் கள்ளுக்கடையில். பொம்பளைகள் மிஞ்சிய பலகாரத்தோடு வாசலில். இவள் விடியும் முன்பே குளித்து, இருந்ததில் நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நடந்து, தனியாக ரயில் ஏறித் தைப்பிங் போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்கால ரயிலில் திரும்பி வந்தாள்.

பொம்பளை, அதுவும் தாலியறுத்தவள், தனியாக டவுனுக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு வந்திருக்கிறாள். அது போதாதா? மறுநாள் வேலை முடிந்ததும் கங்காணி மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவன் தலையில் எப்போதும் ஒரு சரிகைத் தலைப்பாகை இருக்கும். எங்களில் முக்கால்வாசிப் பேரை அவன்தான் தன் ஊர்ப்பக்கத்திலிருந்து ஆள் கட்டிக் கூட்டி வந்தவன். அப்பன் மாதிரி என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அவளை நடுவில் நிறுத்தினார்கள்.

"எங்க போன?"

"தைப்பிங்."

"யாருகூட?"

"தனியா."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"யாருமில்லாத ஊருக்கு எதுக்குடி போன?"

"பாக்க."

கூட்டம் சிரித்தது. கங்காணியும் சிரித்தான். "என்னத்தப் பாத்த? சொல்லு, நாங்களும் கேக்குறோம்," என்றான்.

அவன் செய்த தப்பு அதுதான். அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"செத்த காலேஜ் பாத்தேன்," என்றாள். யாருக்கும் புரியவில்லை. "எங்க ஊருல மெட்ராஸுக்குப் போயிட்டு வந்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உசுரோட மிருகம் இருக்குற எடம் உயிர் காலேஜ். செத்ததெல்லாம் வச்சிருக்குற எடம் செத்த காலேஜ். வெள்ளக்காரன் மியூசியம்ங்கிறான். தைப்பிங்குல ஒண்ணு இருக்கு. பெரிய வெள்ளக் கட்டடம். உள்ளார போக யாரும் ஒண்ணும் கேக்கல. ஒரு மலாய்க்காரரு நின்னாரு. செருப்பக் கழட்டணுமான்னு கேட்டேன். எனக்குச் செருப்பே இல்லன்னு அவருதான் காட்டினாரு."

இந்தத் தடவை கூட்டம் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளோடு சிரித்தது.

யானையின் எலும்பு முழுதாக நிற்கிறது என்றாள். சதை இல்லாத யானையைப் பார்த்தால் யானை என்றே சொல்ல மாட்டோம், தும்பிக்கைக்கு எலும்பே கிடையாது, மூஞ்சியில் ஒரு பொந்துதான் இருக்கிறது என்றாள். பஞ்சு அடைத்த புலி. புட்டிக்குள் பாம்பு. ஆற்றில் செத்த முதலை, வாயைத் திறந்தபடி. ராஜாக்கள் வைத்திருந்த வளைந்த கத்திகள், பிடியில் பறவை மூக்கு மாதிரி செதுக்கியது. மலைக்காட்டுச் சனங்கள் முடைந்த கூடைகள், அவர்கள் ஊதிக் குரங்கை வீழ்த்தும் குழல். மூங்கிலில் இத்தனை பூ வேலை செய்கிறவன் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான், அவனை யார் பெரட்டுக்குக் கூப்பிடுவது என்றாள். பெரட்டு என்றால் விடியற்காலையில் எங்களை எண்ணுவதற்கு நிறுத்தும் வரிசை. யாரோ ஒருத்தி வாய்விட்டுச் சிரித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் ஏரி. ஈயம் தோண்டித் தோண்டி விட்ட பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, அதைச் சுற்றி மரம் வைத்துப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். மழை மரங்கள் கிளையை நீட்டித் தண்ணீரில் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டாளாம். பிறகு ஒரு சீனன் கோயில். ஊதுவத்தியைச் சுருள் சுருளாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள், பகலில் இருட்டு மாதிரி புகை. ஒரு சீனத்தி அவளையும் ஒரு வத்தி கொளுத்தச் சொல்லிக் கையில் கொடுத்தாள். கொளுத்தினேன் என்றாள். ஜெயிலின் மதிலையும் பார்த்தேன், நீளமான மதில், உள்ளே இருப்பவர்கள் எங்களைப் போலத்தான் விடியற்காலையில் வரிசையில் நிற்பார்களாம் என்று பூங்காவில் புல் வெட்டுகிற தமிழாள் சொன்னான், ஆனால் அதை நான் பார்க்கவில்லை என்றாள்.

இருட்டத் தொடங்கிவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. பொம்பளைகள் கிட்டே கிட்டே நகர்ந்து வந்துவிட்டார்கள். "யானக்கிப் பல்லு எப்படிக்கா இருக்கு?" என்று ஒருத்தி. "அம்மி மாதிரி." "சீனத்தி சாமி எப்படி இருக்குது?" "செவப்பா. மீச வச்சிருக்கு." விசாரிக்க வந்த பஞ்சாயத்தே வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது. கங்காணி அதைக் கவனித்தான். ரெண்டு முறை கடல் தாண்டிப் போய் வந்தவன் அவன். பக்கத்திலிருக்கும் தைப்பிங்கில் கள்ளுக்கடையையும் சாமான் கடையையும் தவிர ஒன்றும் பார்த்ததில்லை.

"போதும் நிறுத்து," என்றான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு கங்காணியாரே," என்றாள். "கண்ணாடிக்குள்ள ஒரு மனுசன் எலும்பு நிக்கிது. ரொம்ப நேரம் பாத்தேன். கங்காணி எலும்பா, கூலி எலும்பான்னு தெரியல."

எழுந்து வந்து அறைந்தான். காதிலிருந்த கம்மல் தெறித்து விழுந்தது. அவள் குனிந்து தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். அழவில்லை. தலையைச் சாய்த்து அவனை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு மலைக்காடு. அட்டை கடிக்கும் சரிவு, வழுக்கும் பாதை, பால் வாளியைச் சுமந்துகொண்டு கடைசியாக வந்து சேரவேண்டிய ரப்பர் மர வரிசை. பட்டப்பேரும் அன்றுதான் வந்தது. தண்டல் வைத்தான்.

நாலைந்து பொம்பளைகள் அவளிடம் ரகசியமாகக் கேட்டார்கள். "அக்கா, அடுத்த லீவுக்கு எங்களயும் கூட்டிக்கிட்டுப் போறியா?"

"மாட்டேன்."

"ஏங்கா?"

"எங்கூட வந்தா நான் காட்டுறதத்தான் பாப்பீங்க. தனியாப் போங்க. ரயிலு எல்லாருக்கும்தான் நிக்கிது."

எனக்கே அது கொஞ்சம் கொடுமையாகத்தான் பட்டது. அவளிடம் நயம் என்பதே கிடையாது. நல்லதையும் அடிக்கிற மாதிரிதான் சொல்வாள்.

ஒருத்தன் மட்டும் அவள் பேச்சைச் சொன்னபடி எடுத்துக்கொண்டான். ஏழுமலை. கங்காணியின் சொந்த ஊர்க்காரன். இருபத்திரண்டு வயதுக் கட்டுமஸ்தான ஆள், ஊரில் விதவைத் தாய். அதிகம் பேசமாட்டான். யானைக்கு முட்டி எந்தப் பக்கம் மடங்கும் என்று அவளிடம் ரெண்டு மூன்று தடவை கேட்டான். "என்னக் கேக்காத, போய்ப் பாரு," என்று வழி மட்டும் சொன்னாள். அவனும் சம்பளத்துக்கு மறுநாள் லீவில் தனியாகப் போனான். எல்லாவற்றையும் பார்த்தான். ஏரிக்கரையில் மயங்கி உட்கார்ந்துவிட்டான் போல, கடைசி ரயிலை விட்டுவிட்டான். ரயில் பாதையிலேயே நடந்து வந்தான். தோட்டத்துக்கு வரும்போது பெரட்டு முடிந்து, ஆட்கள் காட்டுக்குள் போய், வெயில் ஏறிவிட்டது.

பெரட்டில் ஆளைக் காணோம் என்றால் கங்காணிக்கு ஒரே அர்த்தம்தான். ஓடிப்போய்விட்டான். தன் ஊர்க்காரன் ஓடினால் துரைக்கு முன்னால் தன் மானம் போச்சு. ஏழுமலை வந்து நின்றதும் அவனைப் புகைக்கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். தண்டலும் இன்னொருவனும் கையைப் பிடித்துக்கொள்ள, கங்காணி ரோத்தானை எடுத்தான். பிரம்பு முறிந்தபின் விறகுக் கட்டையை எடுத்தான்.

மலைக்காட்டிலிருந்து பால் எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் வந்த அவள் அதைப் பார்த்தாள். அந்தப் பாதையில் அவளை நடக்க வைத்ததே கங்காணிதான். வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கத்தினாளாம். ஒருவன் அவள் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் கையைக் கடித்திருக்கிறாள். அதற்குள் முடிந்துவிட்டது.

நான் அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில். முதல் பிரசவம், பெண் குழந்தை. எங்கள் பக்கத்துக்கும் ஆம்பளைகள் பக்கத்துக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. அவனைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் போட்டார்கள். ரெண்டு நாள் இருந்தான். அவன் சொன்னதை நான் கேட்டேன். "நான் ஓடல கங்காணி. பாக்கத்தான் போனேன். யானை பாக்கப் போனேன். அம்மா, நான் ஓடல." இதையேதான் திருப்பித் திருப்பி. என் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இதைக் கேட்டேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் சத்தம் நின்றது. மருந்து கொடுக்கும் டிரெசர் வந்து பார்த்துவிட்டு மலேரியாக் காய்ச்சல் என்றார்.

காய்ச்சலாம். தோட்டம் முழுக்க அதையே சொன்னது. அடித்ததைப் பார்த்தவன் சொன்னான், காய்ச்சல். கையைப் பிடித்துக்கொண்டவன் சொன்னான், காய்ச்சல். புதைக்கப் போனவர்கள் முதுகைப் பார்க்காமலா புதைத்தார்கள்? அவர்களும் காய்ச்சல். எங்களுக்குப் பயம் என்று பின்னால் ஆயிரம் காரணம் சொன்னார்கள். பயம் யாருக்கு இல்லை? அவளுக்கும்தான் இருந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசினாள்.

"நான்தானே அவனப் போகச் சொன்னேன்," என்று அழுதாள். அது ஒன்றுதான். அதற்கப்புறம் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மறுபடி தனியாக ரயில் ஏறினாள். இந்தத் தடவை ஈப்போ. கூலிகள் சம்பந்தப்பட்டதைக் கவனிக்கும் ஆபீஸ் ஒன்று அங்கே இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதையும் போய்த்தான் பார்த்தாள். உள்ளே விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். போ என்றால் எழுந்து நின்றாள், ஆள் உள்ளே போனதும் திரும்ப உட்கார்ந்தாள். அவளைத் தாண்டித்தான் அந்த ஆபீஸ் துரை சாப்பிடப் போகவேண்டும், அவளைத் தாண்டித்தான் திரும்பவேண்டும். கடைசியில் யார் இவள் என்று கேட்டுவிட்டார்.

அந்த வாரமே துரை எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க், கோட்டும் தலைப்பாகையுமாக. எங்களை ஸ்டோருக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் தோட்டத்துத் துரை ஒரு பக்கம் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. கங்காணி பின்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். காய்ச்சல் ஐயா. காய்ச்சல் ஐயா.

அவள் முறை வந்தது. கிளார்க் கேட்டார்: "நீர் உம்முடைய கண்ணாலை கண்டனீரோ?"

அவள் அவரைத் தலை சாய்த்துப் பார்த்தாள். "இத ஒருத்தர் கேக்கணும்னுதான் இருந்தேன்," என்றாள். "பாத்தேன்."

பிறகு சொன்னாள். தைப்பிங்கைச் சொன்ன மாதிரியே சொன்னாள். யார் எந்தக் கையைப் பிடித்தான், பிரம்பு எங்கே முறிந்தது, கட்டை எந்த அடுக்கிலிருந்து வந்தது, எங்கெங்கே விழுந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை. அந்தக் கிளார்க் பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் ஒன்றும் விடாமல் இங்கிலீஷில் சொன்னார், அது எனக்கே தெரிந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள்.

நானும் சொன்னேன். முன்தினமே அவள் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "நீ அடிச்சதப் பாக்கல. பாத்தேன்னு சொல்லாத. கேட்டத மட்டும் சொல்லு." கேட்டதை மட்டும் சொன்னேன். தோட்டத்துத் துரை எதையோ முணுமுணுத்தார். பிள்ளை பெற்ற உடம்பு, ஜுர மயக்கத்தில் கேட்டிருப்பாள் என்றாராம். எனக்கு ஜுரமே இல்லை. இதை எழுதும்போதும் என் கை சுடுகிறது.

கேஸ் நடந்தது. அடித்தது உண்மை, செத்தது காய்ச்சலால் என்று முடிந்தது. டிரெசர் அப்படித்தானே சொல்லியிருந்தார். கங்காணிக்கு அபராதம். வெற்றிலை எச்சிலைத் துப்புகிற மாதிரி கட்டிவிட்டு, அதே தலைப்பாகையோடு, அதே வாரம் பெரட்டுக்கு வந்து நின்றான்.

அவளுக்கோ, பொழுது சாய்வதற்குள் லயத்தைக் காலி செய்யவேண்டும் என்று உத்தரவு. தோட்டத்து ஒழுங்கைக் கெடுத்தவளாம். அடித்துக் கொன்றவன் ஒழுங்கு. பார்த்ததைச் சொன்னவள் ஒழுங்கைக் கெடுத்தவள். எந்தப் பாவி இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தான்? அவளோடு யாரும் பேசக்கூடாது என்று தண்டல் ஒவ்வொரு வாசலாகச் சொல்லிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அமைதியான மனுஷன், புகையில் வெந்து கண் சிவந்தவர். தண்டலைப் பார்த்து, "என் பொஞ்சாதி பேசுவா," என்றார். அவ்வளவுதான் அவர் அந்த வருஷத்தில் சத்தமாகப் பேசியது.

நான் சோறு கட்டிக்கொடுத்தேன். அவள் மூட்டை சின்னது. உட்கார்ந்து என் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"ஏழுமல சொன்னத இன்னொரு தடவ சொல்லு. ஒண்ணு விடாம."

சொன்னேன்.

"அவங்கம்மாவுக்குக் கங்காணி என்னான்னு சொல்லி அனுப்பியிருக்கான்?"

எனக்குத் தெரியும். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். "திருடிக்கிட்டு ஓடிப்போனான்னு. காட்டுல சுத்திக் காய்ச்சல் வந்து செத்தான்னு," என்றேன்.

அவள் முகத்தில் வந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிள்ளையை மெதுவாக என்னிடம் கொடுத்தாள். கை மெதுவாக இருந்தது, முகம் அப்படி இல்லை.

"கொன்னதும் இல்லாம திருடன் ஆக்கிட்டானா?" என்றாள். பிறகு, "அவன் ஊரு கங்காணி ஊருதானே?"

"ஆமாங்கா."

"ஊரு பேரச் சொல்லு."

சொன்னேன். வாய்க்குள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கக்கா போகப் போற? ஈப்போவுல எங்க சின்னம்மா வீடு இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லு, வேல பாத்துக் குடுப்பாங்க. ரோட்டு வேலைக்கு ஆள் எடுக்குறாங்களாம்."

"பாக்கலாம்," என்று எழுந்தாள்.

நான் ஸ்டேஷன் வரை போக முடியவில்லை, பச்சை உடம்பு. லயத்து முனை வரை போனேன். கங்காணி ஸ்டோர் வாசலில் நின்று, எல்லோரும் கேட்கும்படி, "செத்த காலேஜ் ஒழிஞ்சிது," என்றான். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் நிற்கவில்லை. திரும்பவும் இல்லை.

சின்னம்மா வீட்டுக்கு அவள் போகவேயில்லை என்று பிறகு தெரிந்தது. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆற்றில் விழுந்திருப்பாள் என்று ஒருத்தி சொன்னாள். நான் அவள் பாட்டுக்குச் சொல்லட்டும் என்று விடவில்லை. "நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

அடுத்த வருஷம் ரப்பர் விலை ஏறியது. ஆள் போதவில்லை. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வரக் கிளம்பினான். புதுத் தலைப்பாகை, குடை, தகரப் பெட்டி, தண்டல் துணைக்கு. அவன் ஊரிலிருந்து ஒவ்வொரு தடவையும் குடும்பம் குடும்பமாக அழைத்துக்கொண்டு வருவான். இந்தத் தடவை இன்னும் நிறையப் பேர் வருவார்கள் என்று துரைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

போனவன் திரும்பி வந்த நாளில் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். ஸ்டேஷனுக்குப் போன மாட்டுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் வண்டியில் கங்காணியும் தண்டலும் அந்தத் தகரப் பெட்டியும். பின்னால் வந்த வண்டிகளில் ஒருவரும் இல்லை.

கள்ளுக்கடையில் தண்டல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர்கள் ஊருக்குப் போய்ச் சேருவதற்கு மாசக்கணக்குக்கு முன்பே அவள் அங்கே போய்விட்டாள். கம்மலையும் மற்றதையும் விற்றுக் கப்பல் ஏறியிருக்கிறாள். ஏழுமலையின் தாயைத் தேடிக் கண்டுபிடித்து, உன் மகன் திருடவில்லை, ஓடவில்லை என்று முதலில் சொல்லியிருக்கிறாள். பிறகுதான் மற்றதைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அந்தத் தாய் இவள் கையைப் பிடித்து ஒவ்வொரு வீடாகக் கூட்டிப்போய், "இவகிட்டக் கேளுங்க, இவ பாத்தவ," என்று சொல்ல வைத்திருக்கிறாள். சேரியில், தெருவில், களத்துமேட்டில், பக்கத்து ஊர்ச் சந்தையிலும். கங்காணி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போனபோது ஒருத்தர் கை நீட்டி எடுக்கவில்லை. கதவைச் சாத்தினார்கள். கூடப் பிறந்த அண்ணனே சாப்பிடக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊர்களிலும் அப்படியே. ஒரு குஞ்சு கூட வரவில்லை. கடைசியில் துரைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கப்பலில் வரும் வழியெல்லாம் கங்காணி தண்டலைத் திட்டிக்கொண்டே வந்தானாம்.

ஆள் கொண்டுவராத கங்காணியைத் துரை எத்தனை நாள் வைத்திருப்பான்? அந்தக் கதையை நான் சொல்லவேண்டியதில்லை.

அவள் திரும்பி வரவில்லை. ஏழுமலையின் தாயோடேயே தங்கிவிட்டாள் என்று தண்டல் சொன்னான். ரெண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே களத்தில் கூலி வேலை செய்கிறார்களாம்.

புது ஆட்கள் வருவார்கள் என்று எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு லயம் முழுக்கக் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, அடுப்புக்கல் போட்டு வைத்திருந்தார்கள். அந்த வருஷம் பூராவும் அதில் ஒரு அடுப்பும் எரியவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று காலி அறையை உள்ளே எட்டிப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.